பன்னிரண்டு வோல்ட் என்ன செய்யும்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறுகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் ஏறுகிறார்கள். மலையில் பிறந்த எங்களுக்கோ அந்தச் சாலை வயிற்றுப் பிழைப்பு. வாழைத்தாரும் பலாப்பழமும் அன்னாசியும் மிளகும் காப்பிக் கொட்டையும் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. அரிசியும் சிமெண்டும் எரிவாயு உருளையும் அதன் வழியாகத்தான் ஏறுகின்றன. நோயாளியும் அதே வழி, கல்லூரிக்கு வரும் நானும் அதே வழி.

மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்தபின் அந்தச் சாலையில் வந்து பார்த்தால்தான் மூடுபனி என்றால் என்னவென்று தெரியும். ஹெட்லைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். சாலையின் விளிம்பு தெரியாது. வளைவுக்கு அப்பால் பேருந்து வருகிறதா, பாறை உருண்டு கிடக்கிறதா என்பதும் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துத்தான் திரும்ப வேண்டும்.

ஆகவே எங்கள் பக்கத்து ஜீப்புகளிலும் சரக்கு வேன்களிலும் பனி விளக்கு, இரட்டை ஹாரன், பின்புறம் சரக்கு இறக்க ஒரு விளக்கு, கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவி என்று பலவும் பின்னால் வாங்கிப் பொருத்தப்பட்டிருக்கும். பார்க்கிறவர்கள் இதை ஆடம்பரம் என்று நகைக்கலாம். அந்தப் பனியில் ஒருமுறை வண்டி ஓட்டியவர்கள் நகைக்க மாட்டார்கள். ஆடி 18 ஓரி விழாவுக்கு வண்டி முழுவதும் வண்ணச் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டு, காது கிழியப் பாட்டு வைத்து ஏறுகிறவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு வியாதி.

எனக்கு வழக்கு விளக்கோடும் ஹாரனோடும் இல்லை. அவற்றுக்குப் போகிற ஒயரோடுதான் வழக்கு.

ஓரி எய்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஒருங்கே துளைத்தது என்று படித்திருக்கிறோம். இன்று எங்கள் மலையில் அந்த வில்வித்தை வேறு விதமாக வாழ்கிறது. ஹெட்லைட்டுக்குப் போகும் ஒரே ஒயரைப் பாதியில் உரித்து, அதிலேயே பனி விளக்கையும் ஹாரனையும் பாட்டுப் பெட்டியையும் பின்விளக்கையும் முறுக்கிக் கட்டி டேப் சுற்றிவிடுகிறார்கள். ஓர் ஒயர், ஐந்து இலக்கு! ஓரியின் அம்பு தாங்கியது. இந்த ஒயர் தாங்குமா என்பதுதான் கேள்வி.

என் சித்தப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். இதைப் பற்றி அவரிடம் நான் பேச்செடுத்தபோது அவர் சொன்ன பதில் இது: "அட போடா தம்பி, இது வீட்டுக் கரண்டா? பன்னெண்டு ஓல்ட்டுடா. வெறுங்கையால தொட்டாக்கூட ஷாக் அடிக்காது. நீ படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சு?" எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வரை வந்தவன் நான் ஒருவனே. ஆகவே இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும். மழை பெய்யாவிட்டாலும் கேட்கப்படும்.

சித்தப்பா சொன்னது பொய்யன்று. 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றும் ஆகாது. நம் தோலின் மின்தடையைத் தாண்டிச் செல்ல அந்த அழுத்தம் போதாது. ஆனால் உடலைத் தாக்குவது வேறு, ஒயரைச் சுடுவது வேறு. ஒயரைச் சுடுவது அதில் ஓடும் மின்னோட்டம். அந்த மின்னோட்டத்தில் வண்டி மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிடப் பல மடங்கு மூர்க்கமானது.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று 230 வோல்ட்டில் எரியும்போது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ கால் ஆம்பியர். அதே 60 வாட் பல்பு வண்டியில் 12 வோல்ட்டில் எரியும்போது 5 ஆம்பியர் எடுக்கிறது. ஒரே அளவு வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 19 மடங்கு மின்னோட்டம்! ஒயரில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து எழுதிவிட்டார். 19-ஐ 19-ஆல் பெருக்கினால் 361. துல்லியமாகக் கணக்கிட்டால் 367 வரும். அதாவது வீட்டில் அந்த பல்புக்குப் போதுமான ஒயரையே வண்டியில் அதே வாட் பல்புக்குப் போட்டால், ஒயரில் 367 மடங்கு வெப்பம் உண்டாகும். வீடு கட்டியபோது மீந்த ஒயரை வண்டிக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

வண்டி செய்கிறவர்களுக்கு இது தெரியாததன்று. முன்பு கார்களில் 6 வோல்ட் பேட்டரிதான் இருந்தது. விளக்கும் கருவியும் கூடக்கூட மின்னோட்டம் பெருகி ஒயர் தடிக்க வேண்டியதாயிற்று. 1950-களில் 12 வோல்ட்டுக்கு மாறினார்கள். அழுத்தம் இரட்டித்ததும் மின்னோட்டம் பாதியாகி, அதே ஒயரில் வெப்பம் கால்பங்காகக் குறைந்தது. பெரிய லாரிகளும் பேருந்துகளும் 24 வோல்ட்டில் ஓடுவதற்கும் இதுவே காரணம்.

இனி ஒயருக்கு வருவோம். பனி விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல். பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாக விளக்குக்குப் போய்ச் சேர 5 மீட்டர் ஒயர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மலிவான பெட்டியில் விளக்கோடு கூடவே வரும் ஒயர் பெரும்பாலும் அரைச் சதுர மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். மேலே உறை தடித்திருப்பதால் பார்ப்பதற்குக் கொழுத்துத் தெரியும். உரித்தால் உள்ளே செம்பு நோஞ்சானாக இருக்கும். சிலவற்றில் அதுகூடச் செம்பு இல்லை, அலுமினியத்தின்மேல் செம்பு முலாம். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

நல்ல செம்பாகவே இருந்தாலும், அரைச் சதுர மில்லிமீட்டரில் 5 மீட்டருக்கு மின்தடை 0.17 ஓம். அதில் 9 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் ஒன்றரை போனால் என்ன என்று தோன்றும். இழை பல்பின் வெளிச்சம் அழுத்தத்தோடு சமமாகக் குறைவதில்லை, மிக வேகமாகக் குறையும். இவ்வளவு இழப்பில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தை ஒயர் தின்றுவிடுகிறது. "லைட்டு சரியில்லைங்க, இன்னும் பெருசு போடுங்க" என்று 100 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். 60-இலிருந்து 100-க்குப் போனால் ஒயரின் வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. முதலில் பல்பு சொருகும் பிளாஸ்டிக் கட்டை கருகும். பிறகுதான் மூக்குக்குத் தெரியும்.

இது ஒழுங்காக ஓடும்போது நடப்பது. ஒழுங்கு தவறினால்? வண்டியின் உடல் முழுவதும் இரும்பு. பேட்டரியின் எதிர்முனையை அந்த உடலோடுதான் இணைத்திருக்கிறார்கள். எனவே நேர்முனையிலிருந்து வரும் ஒயரின் தோல் எங்கே தேய்ந்து இரும்பைத் தொட்டாலும், அந்தக் கணமே குறுக்குச்சுற்று. இடையில் விளக்கும் இல்லை, மோட்டாரும் இல்லை, ஒயரின் 0.17 ஓம் மட்டுமே உண்டு. 12-ஐ 0.17-ஆல் வகுத்தால் 70 ஆம்பியர். வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுக்கும் பேட்டரிக்கு 70 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. அப்போது அந்த மெல்லிய ஒயரில் பிறக்கும் வெப்பம் 800 வாட்டுக்கு மேல். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு! இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்து டீசல் குழாய்க்கும் இருக்கைப் பஞ்சுக்கும் நடுவே ஒளித்துவைத்துவிட்டு 70 வளைவு இறங்க யாராவது துணிவார்களா? 12 வோல்ட் செய்யக்கூடியது இது.

இதைத் தடுக்க ஒரு சிறு பொருள் இருக்கிறது. அதன் பெயர் பியூஸ். பத்து இருபது ரூபாய்க்குள் கிடைப்பது. இதைப் போல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பொருள் வண்டியில் வேறொன்றும் இல்லை. விளக்கைக் காப்பாற்றத்தான் பியூஸ் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. ஆகவே அது விளக்கின் அருகே இருந்து பயனில்லை. பேட்டரியிலிருந்து ஒயர் புறப்படும் இடத்தில், ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். விளக்கின் அருகே பியூஸை வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் நடுவிலுள்ள நான்கு மீட்டர் ஒயர் காவலற்ற தோட்டம். எங்கே தேய்ந்தாலும் எரிய வேண்டியதுதான்.

சென்ற மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை, ஆம்புலன்ஸ் வந்து திரும்பும் நேரத்தை எண்ணி, ஜீப்பிலேயே நாமக்கல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். துணைக்குப் போன நால்வரில் நானும் ஒருவன். பழைய ஜீப். அடிவாரத்துக் கடையொன்றில் புதிதாகப் பனி விளக்குப் பொருத்தியிருந்தார்கள். சோளக்காட்டிலிருந்து இறங்கிப் பாதி மலைகூட வரவில்லை, ஒரு வளைவின் நடுவில் எல்லா விளக்கும் ஒருசேர அணைந்தன. பனி விளக்கு மட்டுமன்று, ஹெட்லைட்டும் கூட. ஓட்டுநர் அனுபவசாலி, அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். நிறுத்தியிருக்காவிட்டால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது. வண்டிக்குள் அந்தப் பெண்ணின் அலறல். வெளியே கைப்பேசி வெளிச்சத்தில் பியூஸ் பெட்டியைத் திறந்தால், நீல நிறப் பியூஸ் உருகிக் கிடக்கிறது. மாற்றுப் பியூஸ் இல்லை. ஓட்டுநர் சிகரெட் பெட்டியிலிருந்த ஜிகினாத் தாளைக் கிழித்து, சுருட்டி, அந்த இடத்தில் திணித்தார். விளக்கு எரிந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது.

மறுநாள் பகலில் அந்த ஒயரை நான் தொடர்ந்து பார்த்தேன். நீல நிறம் என்றால் 15 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். அதே ஒயரில் முறுக்கிக் கட்டிய பனி விளக்கு இரண்டுக்கும் 9 ஆம்பியர். ஆக 19. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் வரை கொடுப்பதால் இன்னும் சற்றுக் கூடும். பியூஸ் சில நிமிடம் தாங்கிப் பார்த்துவிட்டு, எதற்காகப் படைக்கப்பட்டதோ அதைச் செய்திருக்கிறது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த இரவில் ஜிகினாத் தாள் வைத்த ஓட்டுநரையும் நான் குறைசொல்ல மாட்டேன், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஜிகினாத் தாளுக்கு ஆம்பியர் கணக்குத் தெரியாது. அது எப்போது உருகும், உருகுமா உருகாதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்த கணத்திலிருந்து அந்த ஜீப்பில் பியூஸ் என்பதாக எதுவும் இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தேன், தாள் அங்கேயே இருந்தது. அந்தப் பத்து நாளும் பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் போய்வந்தார்கள்.

பனி விளக்குப் பொருத்திய கடைக்காரர் தீயவர் அல்லர். பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடு என்று வண்டிக்காரர் நிற்கிறார். ஹெட்லைட் ஒயர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. தனி ஒயரும் ரிலேயும் பியூஸும் போட்டால் சில நூறு ரூபாய் கூடும், ஒரு மணி நேரம் ஆகும். "எதுக்குங்க அதெல்லாம், லைட்டு எரிஞ்சாப் போதும்" என்று வண்டிக்காரரே சொல்வார். விளக்கு எரிகிறது என்பதே வேலை சரியாக நடந்ததற்குச் சான்று என்று இருவரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் என் எதிரி.

இதற்குத் துணைபோகிற ஒரு சொல்லும் நம் மொழியில் புழங்குகிறது. எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் நாளிதழில் 'மின்கசிவு காரணமாக' என்று வந்துவிடுகிறது. கசிவு என்றால் பானையிலிருந்து நீர் கசிவதுபோல, தானாக, யாரும் பொறுப்பில்லாமல் நிகழ்வது என்று பொருள்படுகிறது. மின்சாரம் பானைத் தண்ணீரா? பல இடங்களில் நடப்பது குறுக்குச்சுற்று அல்லது மிகைச்சுமை. அதற்கு ஓர் ஒயரும், ஒரு முடிச்சும், அந்த முடிச்சைப் போட்ட ஒரு கையும் உண்டு. 'மின்கசிவு' என்று எழுதியதும் அந்தக் கை மறைந்துபோகிறது, விதி வந்து அமர்ந்துகொள்கிறது. தமிழ் நாளிதழ்கள் அந்தச் சொல்லைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்த்துறை நண்பர்கள் மறுப்பு எழுதினால் மகிழ்வேன்.

2023 பிப்ரவரி 2 அன்று கேரளத்தின் கண்ணூரில், பிரசவத்துக்காக மருத்துவமனை நோக்கிச் சென்ற கார் ஒன்று, மாவட்ட மருத்துவமனைக்கு அருகிலேயே தீப்பற்றியது. பின்னிருக்கையில் இருந்த நால்வர் தப்பினர். முன்னால் இருந்த கணவனும் கருவுற்ற மனைவியும் கதவைத் திறக்க இயலாமல் மாண்டனர். குறுக்குச்சுற்றே காரணமாக இருக்கலாம் என்று மோட்டார் வாகனத் துறையினர் முதற்கட்ட ஆய்வில் ஐயுற்றனர். அந்தக் காரில் பின்னால் பொருத்திய கேமராவும் ஒலிக்கருவியும் இருந்தது அப்போது பேசப்பட்டது. செய்தியைப் படித்தபோது அது எங்கோ நடந்தது என்று நினைக்க முடிந்தது. எங்கள் ஜீப் இருளில் நின்ற அந்த இரவுக்குப் பின் அப்படி நினைக்க முடியவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேர் அருகே தனியார் பேருந்து எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதும், குளிர்சாதன அமைப்பில் நேர்ந்த குறுக்குச்சுற்று என்ற ஐயமே முதலில் எழுந்தது.

பொருத்துகிறவர்மேல் மட்டும் பழியைப் போடுவதும் நேர்மையாகாது. 2010-இல் டாட்டா நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, வெளியில் வாங்கிப் பொருத்திய மின்கருவிகளை ஒரு காரணமாக அந்நிறுவனம் கூறியது. அதே ஆண்டின் பிற்பகுதியில், மின்சுற்றுக்கும் புகைபோக்கிக்கும் கூடுதல் பாதுகாப்பைத் தன் செலவில் பொருத்தித் தரவும் முன்வந்தது. கூறியதைவிடச் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சட்டத்துக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பல குரலில் ஊளையிடும் ஹாரனுக்கும், எதிரே வருகிறவனைக் குருடாக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் இந்தச் சட்டம் இன்னும் கடுமையாகப் பாய்ந்தாலும் எனக்கு வருத்தமில்லை. வளைவில் கண் கூசி ஒரு நொடி தடுமாறினால் அடுத்த நொடி பள்ளம்தான். ஆனால் சாலையில் நிறுத்திச் சோதிப்பவர் விளக்கைத்தான் பார்க்க முடியும். டேஷ்போர்டுக்குப் பின்னால் முறுக்கிக் கட்டிய முடிச்சை எந்தக் காவலர் பார்ப்பார்? மூடுபனியில் ஓட்டுகிறவரிடம் பனி விளக்கே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தடுப்பதால் ஆகாத காரியம் இது, கற்றுக்கொடுத்தால்தான் ஆகும்.

கற்றுக்கொடுக்க அப்படி என்ன இருக்கிறது? மலைக்க ஒன்றுமில்லை. வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும், முடித்தபின் கடைசியாக மாட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்ட மாத்திரத்தில் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயுவும் இருக்கும், கேட்க வேண்டுமா! பேட்டரியிலிருந்து பனி விளக்குக்கென்று தனி ஒயர், இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு. புறப்படும் இடத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ். 9 ஆம்பியர் விளக்குக்கு 10 ஆம்பியர் பியூஸ் போட்டால் விளிம்பில் நிற்கும், 30 போட்டால் காவலே இல்லை.

அடுத்தது ரிலே. தந்தி காலத்தில் பிறந்த கருவி. சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சாவி. ஓட்டுநர் கையருகே உள்ள ஸ்விட்சில் சிறு மின்னோட்டம் மட்டும் போகும். விளக்குக்கான 9 ஆம்பியர் ஸ்விட்ச் பக்கமே வராமல் ரிலே வழியாகப் போய்விடும். ஸ்விட்ச் சூடாகாது, ஒயரும் சுருங்கும். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். பார்த்தவுடன் பயந்து பலர் கீழே வைத்துவிடுகிறார்கள். 30-இல் பியூஸ் வழியாக வரும் பேட்டரி ஒயர், 87-இல் விளக்கு, 86-இல் ஸ்விட்ச், 85-இல் வண்டியின் உடல். அவ்வளவுதான் ரகசியம்.

மலைச்சாலை வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. குலுக்கல். 70 வளைவிலும் ஒயர் ஆடிக்கொண்டே வரும். இரும்புத் தகட்டின் துளை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், தகட்டின் விளிம்பு நாளடைவில் கத்தியாகிவிடும். முறுக்கிச் சுற்றிய முடிச்சு தளரும். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழியும். டெர்மினல் வைத்து இறுக்கி அழுத்த வேண்டும், இல்லையேல் ஈயம் வைத்துப் பற்றவைத்து உறை போட வேண்டும். ஒயரை ஒரு சாணுக்கு ஒரு கட்டாகக் கட்டி, புகைக்குழாயை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் கைவேலை தெரிந்தவர்களுக்கு அரை நாள் பாடம். புதுக் கார்களில் கணினி உண்டு, அவற்றின் ஒயரை உரிப்பதே தவறு. மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிற ஒயரை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. அது 12 வோல்ட் இல்லை, நூற்றுக்கணக்கான வோல்ட்.

இந்த இடத்தில் நம் கல்லூரியை நோக்கியும் ஒரு சொல். நாம் ஆய்வகத்தில் மீட்டர் சமனச்சுற்றை வைத்துக்கொண்டு ஒரு கம்பிச் சுருளின் மின்தடையைக் காண்கிறோம். மூன்று தசம இடம் வரை பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அத்தோடு மறந்துவிடுகிறோம். அந்தக் கம்பிச் சுருளும் சித்தப்பாவின் வேனில் தொங்கும் ஒயரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று எந்தக் கேள்வித்தாளும் நம்மைக் கேட்டதில்லை. ஓம் விதியை 1827-இல் வெளியிட்ட ஜார்ஜ் ஓம், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி வயிறு வளர்த்தவர். பூட்டுத் தொழிலாளியின் மகன். அவருடைய விதி பட்டறைக்குப் போய்ச் சேராமல் தேர்வு மண்டபத்திலேயே நின்றுவிட்டது என்று அறிந்தால் அவர் மகிழ மாட்டார்.

ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகம் கூட்டுகிறோம், செடி நடுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முகாமில் இரண்டு நாளைச் சோளக்காட்டுக்கு ஒதுக்கினால் என்ன? சந்தை நாளில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இயற்பியல் துறையிலிருந்து ஒரு பேட்டரி, ஓர் அம்மீட்டர், அரைச் சதுர மில்லிமீட்டரிலும் இரண்டரையிலும் இரண்டு ஒயர்த் துண்டுகள், இரண்டு பல்பு. அதே பல்பு ஓர் ஒயரில் மங்கி எரிவதையும் மற்றொன்றில் பளிச்சென்று எரிவதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் போதும், பேச்சே வேண்டாம். ஒரு மெல்லிய ஒயரை மணல் தட்டில் வைத்துக் குறுக்குச்சுற்று ஆக்கிக் காட்டலாம். நொடிகளில் தோல் புகைந்து செம்பு சிவக்கும். அடுத்து அதே ஒயரில் பியூஸ் போட்டுக் காட்டலாம். கொல்லிமலையிலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களுக்கு நம்மைவிடக் கைவேலை நன்றாகத் தெரியும். கணக்கு நம்முடையது, கை அவர்களுடையது என்று சேர்ந்தால், நாமும் கற்றுக்கொண்டு திரும்பலாம்.

ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு மாற்றுப் பியூஸ் அடங்கிய ஒரு சிறு பொட்டலம் கொடுக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். நீலம் 15, மஞ்சள் 20, சிவப்பு 10, பச்சை 30 என்று ஒரு தாளில் தமிழில் அச்சடித்து, பியூஸ் பெட்டி மூடியில் ஒட்டிவிடலாம். துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொட்டலத்துக்கு ஆகும் செலவை மாணவர் சங்க நிதியிலிருந்து தரலாமா என்று பார்ப்பதாகச் சொன்னார்கள்.

சித்தப்பாவிடமும் சொன்னேன். தன் வேனை முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: "ஒயரு மட்டும் மாத்துங்கடா. பாட்டுப் பொட்டியில கைய வெச்சா முகாமே வேண்டாம்."